மழை பெய்த ஆண்டில் எரிந்த நிலம்: 2013 ரியாவ் தீயும் செயற்கைக்கோள் வெப்பநிலைத் தரவும்

2013 ஜூன் 21, வெள்ளிக்கிழமை நண்பகல் 12 மணிக்குச் சிங்கப்பூரின் மூன்று மணி நேர பிஎஸ்ஐ (காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு) அளவு 401ஐத் தொட்டது. இரண்டு நாளுக்கு முன் இரவு 10 மணிக்கு 321, மறுநாள் பகல் 1 மணிக்கு 371 என்று ஏறிக்கொண்டே வந்த எண் அது. அதுவரை 1997 செப்டம்பரில் பதிவான 226தான் இங்குள்ளவர்கள் அறிந்த உச்சம். மருந்துக் கடைகளில் என்95 முகக்கவசம் தீர்ந்துபோனது. வீவக (அரசு அடுக்குமாடி) வீடுகளில் ஜூன் வெக்கையிலும் சன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஞாயிறன்று, ஜோகூரின் மூவாரில் மலேசியக் காற்றுக் குறியீடு 746ஐ எட்டியது. மூவாரிலும் லேடாங்கிலும் அவசரநிலை அறிவித்தார்கள்.

புகை வந்த இடம் எது என்பதில் மர்மம் இல்லை. நேர் மேற்கே, மலாக்கா நீரிணைக்கு அந்தப் பக்கம், சுமத்ராவின் ரியாவ் மாநிலம். கடற்கரை மாவட்டங்கள் இங்கிருந்து 200 முதல் 300 கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கின்றன. காற்று சரியான திசையில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் அடித்தால், மாலையில் அங்கே கிளம்பும் புகை காலைப் பசியாறும் நேரத்துக்கு இங்கே வந்துவிடும்.

மர்மம் வேறு இடத்தில் இருந்தது. பெரிய புகைமூட்டம் என்றால் எல் நினோ ஆண்டு, அதாவது பசிபிக் கடல் சூடேறி இங்கே மழை குறையும் ஆண்டு என்பதுதான் அதுவரை இருந்த பாடம். 1997 அப்படி, பின்னால் வந்த 2015உம் அப்படி. 2013இல் எல் நினோ இல்லை. அந்த வட்டாரத்தில் அந்த ஆண்டு மழை சராசரியைவிடச் சற்றுக் கூடுதலாகவே பெய்திருந்தது. இரண்டு மாதம் மட்டும் மழை தள்ளிப்போனது. அந்த இரண்டு மாதம் போதுமானதாக இருந்தது. பின்னர் வெளியான ஆய்வுக் கணக்குப்படி 163,336 ஹெக்டேர் எரிந்தது. அதில் 84 விழுக்காடு பீட் நிலம், அதாவது முழுதாக மக்காத தாவரம் சேர்ந்து உருவான சதுப்பு மண். தீ பரவிய வட்டாரம் மொத்த இந்தோனேசியாவில் 1.6 விழுக்காடுதான். இவ்வளவு சின்ன இடம், இவ்வளவு குறுகிய வறட்சி, இவ்வளவு புகை.

பருவகால முன்னறிவிப்பை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு இது திடீர்த் தாக்குதல். நிலத்தின் வெப்பநிலையைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு அது எந்த அளவுக்கு முன்கூட்டித் தெரிந்திருக்கும்? இந்த ஆய்வு அந்தக் கேள்வியைச் சுற்றித்தான். விடையின் சுருக்கத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன்: எந்த நாள் என்று தெரிந்திருக்காது, எந்த இடம் என்று ஓரளவு நன்றாகவே தெரிந்திருக்கும்.

சிவப்புப் புள்ளி எப்படி வருகிறது

அந்த ஜூனில் வாட்ஸ்அப்பில் ஒரு வரைபடம் சுற்றியது. சுமத்ரா முழுக்கச் சிவப்புப் புள்ளி. "தீவே எரியுது பாருங்க" என்று கீழே ஒரு வரி. திரையில் ஒவ்வொரு புள்ளியும் இங்குள்ள தோ பாயோ நகர் அளவுக்குத் தெரிந்ததால் அப்படித் தோன்றியதில் வியப்பில்லை. ஆனால் ஒரு வெப்பப்புள்ளி தீயின் அளவைச் சொல்வதில்லை. "இந்தக் கட்டத்துக்குள் எங்கோ, சுற்றுப்புறத்தைவிட மிகச் சூடான ஏதோ ஒன்று இருக்கிறது" என்பதோடு அது நின்றுவிடும்.

செயற்கைக்கோள் அதை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். எல்லாப் பொருளும் தன் வெப்பநிலைக்கு ஏற்பக் கதிர் வீசுகிறது. சாதாரண நிலம், 27 டிகிரி என்று வைத்துக்கொள்வோம், 10 மைக்ரோமீட்டர் அலைநீளத்தை ஒட்டித்தான் அதிகமாக வீசும். 500 டிகிரியைத் தாண்டிய தீ 4 மைக்ரோமீட்டருக்குக் கொஞ்சம் கீழே உச்சம் தொடும். அதனால் நாசாவின் டெர்ரா, அக்வா செயற்கைக்கோள்களில் உள்ள மோடிஸ் கருவி 4, 11 என்ற இரண்டு அலைநீளங்களிலும் ஒரே இடத்தைப் பார்க்கிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் இதன் அழகு புரியும். 527 டிகிரித் தீயும் 27 டிகிரி நிலமும் ஒரே பரப்பளவில் இருந்தால், 11 மைக்ரோமீட்டரில் தீ வீசும் கதிர் நிலத்தைப்போல 19 மடங்குதான். 4 மைக்ரோமீட்டரில் அது 1,800 மடங்கு. இப்போது ஒரு சதுர கிலோமீட்டர் பிக்சலில், அதாவது படத்தின் ஒரு கட்டத்தில், ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 1,000 சதுர மீட்டர் மட்டும் எரிகிறது என்று கொள்வோம். 11 மைக்ரோமீட்டர் பட்டையில் அந்தப் பிக்சல் 27இலிருந்து 28 டிகிரி ஆகும், யாரும் கவனிக்கமாட்டார்கள். 4 மைக்ரோமீட்டர் பட்டையில் அதே பிக்சல் 55 டிகிரி என்று கத்தும். இரண்டுக்கும் உள்ள அந்த இடைவெளிதான் வெப்பப்புள்ளி. பக்கத்துப் பிக்சல்களோடும் ஒப்பிட்டு, மேகத்தையும் தண்ணீரில் படும் வெயில் பளபளப்பையும் கழித்துவிட்டு, மென்பொருள் ஒரு நம்பக அளவோடு புள்ளி வைக்கிறது.

ஆக, 100 ஹெக்டேர் கட்டத்தில் 0.1 ஹெக்டேர் தீ இருந்தாலே புள்ளி விழும். அதே கட்டத்தில் பாதி எரிந்தாலும் ஒரே புள்ளிதான். புள்ளிகளைக் கூட்டி எரிந்த பரப்பைச் சொல்வது இதனால்தான் சரிப்படாது. எரிந்த பரப்புக்கு லேண்ட்சாட் போன்ற கூர்மையான படங்கள் வேண்டும். லேண்ட்சாட் 8 அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் ஏவப்பட்டிருந்தது. நல்ல நேரத்தில் வந்த கோள்.

புள்ளி என்றாலே காட்டுத்தீ என்றும் இல்லை. சுத்திகரிப்பு ஆலைகளின் எரிவாயுச் சுடரும் இரவில் புள்ளியாக விழும். ஆண்டு முழுவதும் ஒரே இடத்தில் நிற்கும் புள்ளியைக் கண்டால் முதலில் அங்கே ஆலை இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

புள்ளி குறைந்தும் புகை கூடுவது

துவாஸ் பக்கம் ஒரு கப்பல் பட்டறையில் பாதுகாப்பு மேற்பார்வையாளராக இருக்கும் அறந்தாங்கித் தம்பி ஒருவர் 2015 புகைமூட்டத்தின்போது என்னிடம் கேட்டது இது: "அண்ணே, நேத்து சுமத்ராவுல புள்ளி ரொம்பக் கம்மின்னு போட்டிருந்தாங்க. அதை நம்பி வெளிவேலைக்கு ஆள் போட்டேன். காலையில பார்த்தா எதிர்ல இருக்கிற கிரேனே தெரியல. எதைத்தான் நம்புறது?"

"புள்ளி கம்மின்னா தீ கம்மின்னு எடுத்துக்காத தம்பி. மேல மேகம் இருந்துச்சான்னு முதல்ல பாரு" என்றேன்.

வெப்ப அகச்சிவப்புக் கதிர் மேகத்தைத் துளைக்காது. நாமோ நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்றரை டிகிரிக்குள் உட்கார்ந்திருக்கிறோம். பிற்பகலில் மேகம் திரளாத நாள் அரிது. புகை மட்டும் என்றால் இந்தக் கதிர் பெரும்பாலும் ஊடுருவிவிடும். ஆனால் புகை மிகவும் அடர்ந்துபோனால் மென்பொருளே அதை மேகம் என்று எண்ணி அந்தப் பிக்சலை ஒதுக்கிவிடுவதும் உண்டு. நிலைமை மோசமாகும் நாளில் எண்ணிக்கை இறங்குவது இப்படித்தான்.

அப்புறம், கோள் எந்நேரமும் தலைக்குமேல் நிற்பதில்லை. டெர்ரா காலை 10.30, இரவு 10.30 வாக்கில் கடந்தது. அக்வா பிற்பகல் 1.30, பின்னிரவு 1.30 வாக்கில். மோடிஸ் ஒருமுறை பார்க்கும் அகலம் 2,330 கிலோமீட்டர். நிலநடுக்கோட்டில் அடுத்தடுத்த இரண்டு பாதைகளுக்கு நடுவே அது எட்டாத ஓர் இடைவெளி விழும். துருவப் பக்கம் இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, நமக்கு உண்டு. இன்று தென்கிழக்காசிய வட்டாரத்துக்குப் புள்ளிகளை எண்ணித் தரும் ஆசியான் சிறப்பு வானிலை ஆய்வு நிலையம், சிங்கப்பூர் வானிலை ஆய்வகத்தின் கீழ்தான் இயங்குகிறது. அது இப்போது பயன்படுத்தும் என்ஓஏஏ-20 கோளின் விர்ஸ் கருவி 3,000 கிலோமீட்டருக்கும் மேல் அகலம் பார்க்கிறது; இடைவெளி இல்லை. பிக்சலும் 375 மீட்டர் வரை சிறிது. ஜப்பானின் ஹிமாவரி கோள் 10 நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்கிறது, ஆனால் அகச்சிவப்பில் அதன் பிக்சல் 2 கிலோமீட்டர். அடிக்கடி வேண்டுமா, கூர்மையாக வேண்டுமா என்று கேட்டால் இரண்டையும் ஒரே கோளில் கேட்க முடியாது.

எல்லாவற்றையும்விடப் பெரிய சங்கதி பீட். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகத் தண்ணீருக்கடியில் முழுதாக மக்காமல் சேர்ந்த இலை, வேர், மரம்தான் பீட் மண். வடிந்து காய்ந்துவிட்டால் அதுவே எரிபொருள். அது கொழுந்துவிட்டு எரிவதில்லை. மண்ணுக்குள் கனன்றுகொண்டே நகரும். கனலும் தீ கொழுந்துத் தீயைவிடச் சூடு குறைந்தது, மேலே மண் மூடியும் இருக்கும். ஆகவே கோளின் கண்ணுக்குத் தப்பிவிடும். எரியும் ஒவ்வொரு கிலோவுக்கும் அது தரும் புகையோ கொழுந்துத் தீயைவிடப் பல மடங்கு அதிகம். புகை அதிகம், புள்ளி குறைவு: அந்தத் தம்பியின் கேள்விக்கு முழுப் பதில் இதுதான்.

எரியுமுன் நிலம் எப்படி இருந்தது

வெப்பப்புள்ளி எவ்வளவு துல்லியமானாலும் அது நடந்துவிட்டதைத்தான் சொல்லும். அபாயம் என்பது நடக்காத ஒன்றைப் பற்றியது. அதற்கு வேறொரு தரவு இருக்கிறது: நிலப்பரப்பு வெப்பநிலை. 11, 12 மைக்ரோமீட்டர் பட்டைகள் இரண்டையும் ஒப்பிட்டு, நடுவே காற்றிலுள்ள ஈரம் எவ்வளவு கதிரை விழுங்கியது என்று கழித்து, நிலத்தின் தோல் எவ்வளவு சூடு என்று கணிக்கும் தரவு. சாங்கியில் வானிலை நிலையம் அளப்பது நிழலில், காற்றின் வெப்பநிலை. இது வேறு, மரத்தின் மேற்புறமோ, புல்லோ, வெறும் மண்ணோ, தார்ச்சாலையோ, மேலிருந்து தெரிவது எதுவோ அதன் சூடு.

காட்டின் தோல் ஏன் குளிர்ந்திருக்கிறது என்பதற்கு நம் வீட்டு மண்பானையே சாட்சி. தண்ணீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. எண்ணாகச் சொன்னால், ஒரு சதுர மீட்டர் மழைக்காடு நாளொன்றுக்குச் சுமார் 4 மில்லிமீட்டர் தண்ணீரை ஆவியாக்கினால், அதற்கே கிட்டத்தட்ட 10 மெகாஜூல் வேண்டும். இந்த வட்டாரத்தில் சராசரி நாளில் விழும் வெயில் சுமார் 16 மெகாஜூல். பாதிக்கும் மேற்பட்ட வெயில் தண்ணீரோடு போய்விடுகிறது. மரத்தை வெட்டி, கால்வாய் தோண்டி, நீரை வடித்துவிட்டால் அந்த வெயில் முழுவதும் எங்கே போகும்? நிலத்தைச் சூடாக்கத்தான்.

ரியாவுக்குத் தெற்கே உள்ள ஜாம்பி மாநிலத்தில் லேண்ட்சாட் தரவைக் கொண்டு இதை அளந்திருக்கிறார்கள். காட்டுக்கும் மரம் முழுதாக வெட்டப்பட்ட நிலத்துக்கும் இடையே 10 டிகிரி வரை வேறுபாடு. அதே வெயில், அதே நாள், அதே மாநிலம். செம்பனை நட்டு வளர்ந்தபின் வேறுபாடு குறைகிறது. இளங்கன்றாக இருக்கும்போது அதிகம். வெட்டியதற்கும் நட்டது வளர்வதற்கும் நடுவே சில ஆண்டுகள் அந்த நிலம் வெயிலில் கிடக்கிறது. தீ அபாயத்தைத் தேடுகிறவர் கண் வைக்க வேண்டியது அந்தச் சில ஆண்டுகளின் மேல்.

பகலை மட்டும் பார்ப்பதைவிடப் பகலுக்கும் இரவுக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்ப்பது இன்னும் நல்லது. ஈர மண் மெதுவாகச் சூடாகி மெதுவாக ஆறும். காய்ந்த மண் பகலில் கொதித்து இரவில் விரைவாக ஆறிவிடும். காலை 10.30 படத்தையும் இரவு 10.30 படத்தையும் கழித்துப் பார்த்தால், வேறுபாடு வாராவாரம் கூடிக்கொண்டே போகும் இடம் காய்ந்துகொண்டிருக்கும் இடம். தாவரம் எவ்வளவு பச்சையாக இருக்கிறது என்ற குறியீட்டையும் அதே வரைபடத்தில் சேர்த்தால் இன்னொன்றும் புலப்படும்: பச்சை அப்படியே இருந்து சூடு மட்டும் ஏறினால், செடி வாடுவதற்கு முன்பே தண்ணீருக்குத் தவிக்கிறது என்று பொருள். பச்சை குறைவதைக் கண்டபின் எச்சரிப்பது பல நேரம் தாமதம்.

2018இல் அனைத்துலக விண்வெளி நிலையத்தில் பொருத்தப்பட்ட எக்கோஸ்ட்ரெஸ் கருவி இந்தத் தவிப்பை அளக்கவே செய்யப்பட்டது. பிக்சல் சுமார் 70 மீட்டர். நிலையம் சுற்றும் பாதை காரணமாக ஒவ்வொரு முறையும் வெவ்வேறு மணிக்குக் கடக்கும். காலையில் சரியாக இருந்த செடி பிற்பகலில் தண்ணீரை மிச்சப்படுத்த இலைத் துளையை மூடிக்கொள்வதைப் பிடிக்க அது உதவும். வாராவாரம் ஒரே நேரத்தில் ஒப்பிட வேண்டிய நமக்கு அதே காரணத்தால் கொஞ்சம் தலைவலி.

இதில் ஒரு பொறி இருக்கிறது. மேகமில்லாத நேரத்தில் மட்டுமே நிலப்பரப்பு வெப்பநிலை கிடைக்கும். மேகமில்லாத நேரம் என்றால் வெயில் அடிக்கும் நேரம். ஆகவே கிடைக்கும் தரவு எல்லாமே வெயில் நாளின் தரவு. சராசரி எடுத்தால் நிலம் உண்மையைவிடச் சூடாகத் தெரியும். எட்டு நாள் தொகுப்பு என்று நாசா தருவதில்கூட, இந்த வட்டாரத்தில் ஒரு பிக்சலுக்குச் சில நேரம் ஒரே ஒரு நல்ல நாள்தான் கிடைத்திருக்கும். எட்டு நாளின் சராசரி என்று எண்ணி நாம் பார்ப்பது ஒரு செவ்வாய்க்கிழமையாக இருக்கலாம். எத்தனை நாள் பார்வை கிடைத்தது என்று தரவோடு வரும் தரக் குறிப்பைத் திறக்காமல் வண்ண வரைபடம் போடுகிறவர்களை நான் நம்புவதில்லை.

இந்த ஓட்டையை அடைக்க நுண்ணலை வேண்டும். அது மேகத்தைத் துளைக்கும். 2015 ஜனவரியில் ஏவப்பட்ட ஸ்மாப் கோள் மேல்மண் ஈரத்தை அப்படித்தான் அளக்கிறது. பிக்சல் 36 கிலோமீட்டர் அளவு பெரிது, சிங்கப்பூரின் பெரும்பகுதியை ஒன்றில் அடக்கிவிடலாம். இருந்தும், தென்கிழக்காசிய பீட் நிலங்களில் எரிந்த பரப்புக்கும் அதற்கு முந்தைய வாரங்களில் மண் ஈரம் குறைந்ததற்கும் தொடர்பு இருப்பதை அந்தத் தரவு காட்டியிருக்கிறது. 2013இல் அந்தக் கோள் இல்லை.

ரியாவுக்குத் திரும்புவோம்

எரிந்த 163,336 ஹெக்டேரில் 82 விழுக்காடு ஏற்கெனவே காடு அழிக்கப்பட்ட நிலம். நின்ற காடு எரிந்தது குறைவு. என் பார்வையில் இந்த நிகழ்வின் மையமே இந்த எண்தான். காடு தன் தண்ணீரை ஆவியாக்கிக்கொண்டிருந்தவரை இரண்டு மாத வறட்சியைத் தாங்கியது. வெட்டி வடித்த பீட் தாங்கவில்லை. முன்னதன் தோல் குளிர்ந்தும் பின்னதன் தோல் பல டிகிரி சூடாகவும் இருக்கும் என்பது ஜாம்பி அளவீட்டிலிருந்து தெரிகிறது. அப்படியானால் தீக்கு முந்தைய ஆண்டுகளின் வெப்பநிலைப் படங்களிலேயே, ஒரு பெரும் வறட்சிக்குக் காத்திராமல் எரியக்கூடிய நிலத்தைச் சுற்றி வட்டம் போட முடிந்திருக்கும். அதோடு மே மாதத்திலிருந்து மழைக் கணக்கையும் சேர்த்திருந்தால், ஜூன் தொடக்கத்தில் அந்த வட்டத்துக்குள் சிவப்பு வண்ணம் அடித்திருக்கலாம்.

அதற்குமேல் வெப்பநிலைத் தரவால் போக முடியாது. தீயை யார் வைப்பார், எந்தக் கிழமை வைப்பார் என்பது கோளுக்குத் தெரியாது. இந்த வட்டாரத்தில் மின்னல் மழையோடுதான் வரும். தானாகப் பற்றும் தீ மிக அரிது. நிலத்தைத் துப்புரவாக்க மனிதர் வைக்கும் தீதான், அது சிறு விவசாயியாகவும் இருக்கலாம், பெரிய தோட்டமாகவும் இருக்கலாம், நில உரிமைத் தகராறில் ஒருவர் மற்றவர் நிலத்தில் வைத்ததாகவும் இருக்கலாம். வரைபடத்தில் வண்ணம் எவ்வளவு கறுத்துச் சிவந்தாலும் தீக்குச்சி அதில் தெரியாது.

காற்றுத் திசையும் தனிக் கணக்கு. ரியாவுக்கு ஆண்டில் இரண்டு வறண்ட காலம். பிப்ரவரி, மார்ச் ஒன்று. ஜூன் முதல் அக்டோபர் வரை இன்னொன்று. முதல் காலத்தில் எரிந்தால் வடகிழக்குப் பருவக்காற்று புகையை நம்மை விட்டுத் தள்ளிக்கொண்டு போய்விடும். அங்கே ரியாவின் தலைநகர் பெக்கன்பாருவில் இருப்பவர்கள் மூச்சுத் திணறுவார்கள், இங்கே நாளிதழில் உள்பக்கச் செய்தியாக வரும். அங்குள்ள தீ அபாயம் வேறு, இங்குள்ள புகை அபாயம் வேறு. இரண்டையும் ஒன்றாகக் குழப்புவது சிங்கப்பூரில் நமக்கெல்லாம் உள்ள பழக்கம்.

2015ஐ ஒரு பத்தியில் சொல்லிக் கடக்கிறேன், ஏனெனில் அதில் புதிர் குறைவு. வலுவான எல் நினோ, மாதக்கணக்கில் வறட்சி, உலக வங்கிக் கணக்கில் 26 லட்சம் ஹெக்டேர் எரிந்து 16 பில்லியன் டாலருக்கு மேல் சேதம். செப்டம்பர் 25 அன்று சிங்கப்பூரில் தொடக்க, உயர்நிலைப் பள்ளிகளை மூடினார்கள். அந்த ஆண்டு எந்தத் தரவைப் பார்த்தாலும் அபாயம் தெரிந்தது. மறு ஜனவரியில் இந்தோனேசியா பீட் நிலச் சீரமைப்புக்குத் தனி அமைப்பு தொடங்கியது. பீட் நிலத்தில் நீர்மட்டம் மேற்பரப்பிலிருந்து 40 சென்டிமீட்டருக்குக் கீழே இறங்கக் கூடாது என்று 2014இல் வந்திருந்த விதியை 2016இல் திருத்தி இறுக்கினார்கள். நீர்மட்டம் தரைக்கு அடியில் இருப்பது. கோளுக்குத் தெரிவது மேல்தோல். ஆழ்குழாய் அளவீடும் வெப்பநிலைப் படமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் எதையாவது உறுதியாகச் சொல்ல முடியும்.

நம் சட்டத்தில் கோளின் இடம்

2013 புகைதான் 2014இல் சிங்கப்பூரின் எல்லைதாண்டிய புகைமூட்டத் தூய்மைக்கேட்டுச் சட்டத்துக்கு வழி திறந்தது. பொறுப்பான நிறுவனத்துக்கு நாளொன்றுக்கு 100,000 சிங்கப்பூர் வெள்ளி வரை, மொத்தமாக 2 மில்லியன் வெள்ளி வரை அபராதம். இந்தச் சட்டத்தில் எனக்குச் சுவையாகப்பட்டது ஓர் அனுமானப் பிரிவு: ஓர் நிலத்தில் தீ இருந்தது, அதே சமயம் இங்கே புகைமூட்டம் இருந்தது, செயற்கைக்கோள் தகவலும் காற்றின் வேகமும் திசையும் புகை இந்தப் பக்கம் நகர்ந்ததைக் காட்டின என்றால், மாறாக நிரூபிக்கப்படும்வரை அந்தத் தீதான் காரணம் என்று எடுத்துக்கொள்ளலாம். வெப்பப்புள்ளிக்கு நீதிமன்றத்தில் ஓர் இடம் கிடைத்துவிட்டது. நிலம் சூடேறிக் காய்ந்து கிடந்தது என்ற தரவுக்கு அப்படி ஓர் இடம் இல்லை. அது தீக்கு முந்தைய கவனக்குறைவைக் காட்டக்கூடியது என்றாலும்.

சொந்த மண்ணில்

இங்கேயும் எரிகிறது, சிறிய அளவில். 2014 ஜனவரி 13 முதல் பிப்ரவரி 8 வரை 27 நாள் நீடித்த வறட்சி இங்கு பதிவானதிலேயே நீளமானது. அந்த பிப்ரவரியில் சாங்கி நிலையத்தில் பெய்தது 0.2 மில்லிமீட்டர், 1869க்குப் பிறகு இவ்வளவு வறண்ட மாதம் இல்லை. புல்வெளிகள் பழுப்பாகின, லாலாங் புல் மண்டிய காலி மனைகளில் தீ பிடித்தது, குடிமைத் தற்காப்புப் படைக்கு வழக்கத்தைவிட அழைப்பு கூடியது.

ரியாவுக்குப் பயன்பட்ட ஒரு கிலோமீட்டர் பிக்சலை இங்கே போட்டால் தீவு முழுவதும் எழுநூற்றுச் சொச்சம் கட்டத்தில் முடிந்துவிடும். ஒரே கட்டத்துக்குள் வீவக கட்டடம், விரைவுச்சாலை, கொஞ்சம் புல், ஒரு கால்வாய். அந்தக் கட்டத்தின் சூடு ஏறினால் புல் காய்ந்ததாலா, கான்கிரீட் காய்ந்ததாலா? லேண்ட்சாட்டின் 100 மீட்டர் வெப்பப் பட்டை இதற்குப் பரவாயில்லை. 8, 9 இரண்டு கோளும் சேர்ந்து எட்டு நாளுக்கு ஒருமுறை வரும். மேகம் விட்டால்தான் அதுவும். உள்ளூரில் ஒரு காலி மனை காய்ந்திருக்கிறதா என்று அறிய, உண்மையைச் சொன்னால், மழைமானிக் கணக்கும் நடந்துபோய்ப் பார்ப்பதும் மலிவு.

இனி இந்தத் தரவை எடுத்து வேலை செய்ய நினைப்பவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். 2000 முதல் 2015 வரை ஜாம்பி மாநிலத்தின் காலை நேர நிலப்பரப்பு வெப்பநிலை சுமார் ஒரு டிகிரி ஏறியிருக்கிறது. காடு நின்ற இடங்களில் ஏற்றம் அதைவிடக் குறைவு. அந்த ஒரு டிகிரிதான் நிலம் மாறியதன் சுவடு. அதை அளந்தது டெர்ராவின் 10.30 மணிப் பார்வை. டெர்ராவில் எரிபொருள் தீர்ந்துகொண்டிருப்பதால் 2020க்குப் பிறகு அதன் பாதையைச் சரிசெய்வதில்லை. ஆண்டுக்கு ஆண்டு இன்னும் முன்னதாகக் கடக்கிறது. அக்வா மறுபக்கம் பின்னதாகத் தள்ளிப்போகிறது. வெயில் ஏறுமுன் கடக்கும் டெர்ராவுக்கு அதே நிலம் முன்பைவிடக் குளிர்ச்சியாகத் தெரியும், காய்ந்துகொண்டிருந்தாலும். பிற்பகல் தொடரை விர்ஸ் கருவி எடுத்துக்கொண்டுவிட்டது, காலை 10.30க்கு விர்ஸ் கிடையாது. ஆகவே 2020க்குப் பிந்தைய ஆண்டுகளை மோடிஸ் பழைய சராசரியோடு கழித்துப் பார்க்கும்முன், ஒவ்வொரு பிக்சலோடும் வரும் பார்வை நேரத்தைத் திறந்து பாருங்கள். நேரம் அரை மணிக்குமேல் நகர்ந்திருந்தால் அந்தப் படத்தை ஒதுக்கிவிட்டு விர்ஸின் 1.30 மணித் தொடருக்கு மாறிக்கொள்ளுங்கள்.